பாய்மரப் படகில் 12 வோல்ட் சாக்கெட்: எதை நம்புவது?

பாய்மரப் படகு வாங்கப் போகிறவர் பாய்த்துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எஞ்சின் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பார். கேபின் சுவரில், கட்டைவிரல் நுழையும் அளவில் கருப்பாக இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டின் முன் மட்டும் யாரும் நிற்பதில்லை. கடலில் இறங்கிய பிறகோ, கடல்வரைபடம் காட்டும் டேப்லெட், கையடக்க விஎச்எஃப் ரேடியோ, தேடுவிளக்கு, குளிர்பெட்டி, ஆள் இல்லாமலே சுக்கானைப் பிடித்துச் செல்லும் டில்லர் பைலட் எனப் பலவும் அந்தச் சிறு துளையிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. அது கைவிட்டால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகும்.

சிறு கலங்களுக்கான ஐஎஸ்ஓ 13297 தரநிர்ணயம் 50 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்சாரத்தை மிகக் குறைந்த அழுத்தம் என்று வகைப்படுத்துகிறது. தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்காது என்பதால் இதன்மீது பயம் குறைவு. பயம் குறைந்த இடத்தில் கவனமும் குறைகிறது. ஆனால் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றின் இரு முனைகளும் நேராக இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். 12 வோல்ட்டின் ஆபத்து தீ. அதற்கு அடுத்த ஆபத்து, தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் இல்லாமல் போவது.

எந்த சாக்கெட் நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் ஓடும், அங்கே உப்புநீர் எந்த அளவுக்கு வரும், பிளக்கை எத்தனை முறை செருகி எடுப்போம் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான் விடை வரும். சுமார் 10 மீட்டர் நீளமுள்ள, 12 வோல்ட் பேட்டரி கொண்ட, நெடும்பயணம் போகும் கண்ணாடியிழைப் பாய்மரப் படகை மனத்தில் வைத்து இந்த மூன்றையும் பார்ப்போம்.

சிகரெட்டுக்காகப் பிறந்த துளை

12 வோல்ட் சாக்கெட் என்றதும் நம் கண்முன் வரும் வட்டத் துளை, சாதனங்களுக்கு மின்சாரம் கொடுக்கப் பிறந்தது கிடையாது. அமெரிக்கக் கார்களில் 1920களில் சிகரெட் பற்றவைக்க வந்த அமைப்பு அது. லைட்டரை உள்ளே அழுத்தினால் கம்பிச்சுருள் சிவக்கக் காயும். பின்னாளில் வந்த வகைகளில், காய்ந்ததும் ஈருலோகப் பட்டை பிடியை விட, லைட்டர் தானே வெளியே எழும். சில வினாடி இணைப்பு, பிறகு துண்டிப்பு. அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கப்பட்டது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிய பிறகு, ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே மின்முனை அதுதான் என்பதால், சாதனம் செய்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காரிலிருந்து அது படகுக்கும் ஏறிவிட்டது.

எஸ்ஏஇ ஜே563 என்ற தரநிர்ணயம் இந்தத் துளைக்கு அளவு வகுத்திருக்கிறது. விட்டம் 21 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆனால் அதிலேயே இரண்டு அளவுகள் உண்டு; ஒன்று மற்றதைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். ஒரு சாக்கெட்டில் கச்சிதமாக நிற்கும் பிளக் இன்னொன்றில் ஆடுவதற்கு அந்த அரை மில்லிமீட்டரே போதும்.

இதைவிடப் பெரிய குறை பிளக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நுனியில் இருக்கும் நேர்முனையை ஒரு ஸ்பிரிங் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த ஸ்பிரிங் தொடுமுனையைச் சாக்கெட்டின் அடியில் அழுத்தும்போதே பிளக் முழுவதையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டும் இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகளின் உராய்வு மட்டுமே அதை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலையில் மணிக்கணக்காகக் குதித்துப் போகும்போது இந்த இழுபறியில் உராய்வு தோற்கும். நுனிமூடி திருகாணி போலச் சுழற்றி மாட்டியது; அதிர்வில் அதுவும் தளரும். பிளக் பார்வைக்குச் செருகியபடியே இருக்கும், அதன் நுனிக்குள் இருக்கும் சின்ன ஃபியூஸ் தொடர்பு விட்டிருக்கும்.

அழுத்தம் குறைந்தால் வெப்பம்

எந்த இணைப்பானாலும் அதன் ஆயுள் தொடுமுனைகள் ஒன்றை ஒன்று அழுத்தும் விசையில் இருக்கிறது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தெரிந்தாலும், உண்மையில் மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் சில மட்டுமே தொடுகின்றன. அழுத்தம் கூடினால் தொடும் மேடுகள் கூடும், மின்தடை குறையும். அழுத்தம் தளர்ந்தால் சில மேடுகள் வழியாகவே மொத்தக் கரண்டும் நெரிந்து போகும். அங்கே சூடு பிறக்கும்.

கணக்கு எளியது. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் வாட்டில் கிடைக்கும். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியர் ஓடினால் 0.1 வாட், கைக்குக்கூடத் தெரியாது. அதே இணைப்பில் 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட். கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக்குள் 10 வாட் வெப்பம் தேங்கினால் அது இளகி வடிவிழக்கும். லைட்டர் பிளக்கில் அழுத்தம் கொடுக்கும் ஸ்பிரிங்கும் கரண்ட்டைக் கடத்தும் உலோகமும் ஒன்றாகவே இருப்பதுண்டு. சூடேறினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் போகும். இறுக்கம் போனால் தடை கூடும். தடை கூடினால் மேலும் சூடேறும். செல்போன் சார்ஜருக்குப் பல ஆண்டுகள் உழைத்த சாக்கெட், குளிர்பெட்டியை மாட்டிய ஒரே கோடையில் கருகிப்போவதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

நல்ல இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கப் படகு மற்றும் உல்லாசக் கல அவையான ஏபிஒய்சியின் இ-11 தரநிர்ணயம், உராய்வால் நிற்கும் ஒயர் முனை இணைப்புகளை இரண்டு நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 20 ஆம்பியர் ஓடும்போது இணைப்பில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது. 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ விசையில் ஒரு நிமிடம் இழுத்தாலும் கழலக் கூடாது. 20 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்றால் தடை 0.0025 ஓம் மட்டுமே. இந்த விதி சுவிட்ச் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஒயர் முனைகளுக்கு உரியது. ஆனாலும் ஒரு பிளக்கையும் சாக்கெட்டையும் எடைபோட இதைவிடத் தெளிவான படிக்கல் கிடையாது. சாதாரண லைட்டர் பிளக்கை இரண்டு விரலால் உருவி எடுக்கிறோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

உப்பு செய்யும் வேலை

செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். உப்புக்காற்றில் படகின் செம்பு ஒயருக்கும் பித்தளைத் தொடுமுனைக்கும் அதுவேதான் நேர்கிறது. களிம்பு கரண்ட்டைச் சரியாகக் கடத்தாது. இழைகளாகப் பின்னிய ஒயருக்குள் உப்பீரம் மெல்ல ஊறி, உறைக்குள்ளேயே பல அங்குலம் கருத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒயர் புதிதுபோல இருக்கும். சமையல் பித்தளைக்கு ஈயம் பூசுகிற அதே அறிவுதான் இங்கும் மருந்து: ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். விலை கூடுதல்தான், ஆனால் கடலில் செலவழிக்கத் தக்க பணம் அது.

ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். மின் இணைப்பு உள்ள சாக்கெட்டுக்குள் உப்புநீர் தேங்கினால், நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையில் அந்த நீரே கம்பியாகிக் கரண்ட் ஓடும். அப்போது நேர்முனை உலோகம் கரைந்து நீருக்குள் போகும். மின்முலாம் பூசும் தொட்டியில் நேர்முனைத் தகடு கரைவது போன்றதே இது. லைட்டர் சாக்கெட்டில் சுற்றுச்சுவர் எதிர்முனை, அடியில் இருக்கும் சின்னக் குமிழ் நேர்முனை. நீர் தேங்குவதும் அடியில்தான். கரைவதும் அந்தச் சின்னக் குமிழ்தான். எனவே, வானம் பார்த்து சாக்கெட் பொருத்தக் கூடாது. செங்குத்தான பரப்பில், வாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் சுவிட்ச் பலகையிலேயே அதன் இணைப்பைத் துண்டித்து வைக்க வேண்டும். காசு செலவில்லாத இந்த இரண்டு பழக்கமும் விலையுயர்ந்த சாக்கெட் தரும் பாதுகாப்பில் பாதியைத் தந்துவிடும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி67 போன்ற குறியீட்டைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. 67 என்றால் தூசு புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடும் அளவுக்கு நீர் புகாது என்று பொருள். ஆனால் பல சாக்கெட்டுகளில் இந்த வாக்குறுதி மூடி மூடியிருக்கும்போது மட்டுமே செல்லும். பிளக்கைச் செருகினால் மூடி திறந்துதானே இருக்கும்? மேலும், அந்தச் சோதனை நல்ல நீரில் நடப்பது. உப்பு மாதக்கணக்கில் உலோகத்தை அரிப்பதை அது அளப்பதில்லை. பிளக் செருகிய நிலையிலும் நீர் புகாது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்கிறாரா என்று பார்த்துத்தான் திறந்த வெளிக்கு வாங்க வேண்டும்.

சந்தையில் இருக்கும் மாற்றுகள்

லைட்டர் வடிவத்தையே விட மனமில்லாதவர்களுக்குத் திருத்திய வகை ஒன்று உண்டு. புளூ சீ சிஸ்டம்ஸ் போன்ற படகு மின்கருவி நிறுவனங்கள், தம் பிளக்கைத் தம் சாக்கெட்டில் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும்படி செய்கின்றன. சாதாரண லைட்டர் பிளக்கும் அதே சாக்கெட்டில் செருகும்; ஆனால் பூட்டாது. பழைய சாதனங்களைக் கைவிடாமல் பிடிப்பைக் கூட்டிக்கொள்ள இது நல்ல இடைவழி.

ஐரோப்பிய மோட்டார் சைக்கிள்களிலும் டிராக்டர்களிலும் காணப்படும் சிறிய வட்ட சாக்கெட் அடுத்தது. ஐஎஸ்ஓ 4165 என்பது அதன் தரநிர்ணயம்; பிளக்கின் விட்டம் 12 மில்லிமீட்டர். ஹெல்லா சாக்கெட் என்று பலர் அழைப்பது இதைத்தான். நேர்முனை ஊசி இடுக்கான துளைக்குள் புகுந்து பிடிக்கும். பிளக்கை வெளியே தள்ளும் ஸ்பிரிங் கிடையாது. செருகும்போது ‘டக்’ என்று உட்கார்வதைக் கை உணரும். 16 ஆம்பியர் என்று குறித்து விற்கப்படுவது வழக்கம். கேபினுக்குள் லைட்டர் சாக்கெட்டுக்கு மாற்றாக வைக்க இதைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம். கடைகளில் கிடைக்கும் சாதனங்கள் இந்த பிளக்கோடு வருவதில்லை என்பதே இதன் குறை.

அமெச்சூர் ரேடியோ நண்பர்கள் தங்கள் 12 வோல்ட் கருவிகளுக்குப் பொது இணைப்பாக ஏற்றுக்கொண்டது ஆண்டர்சன் பவர்போல். இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை; இரு முனையும் ஒரே வடிவம். ஒரே உறைக்குள் 15, 30, 45 ஆம்பியர் தொடுமுனைகளில் எது வேண்டுமோ அதைப் பொருத்தலாம். இதன் சிறப்பு வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. வெள்ளி பூசிய செம்பு கரண்ட்டைக் கடத்துகிறது. அதன் பின்னால் இருக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு அழுத்தம் கொடுக்கிறது. சூடானாலும் இறுக்கம் எளிதில் குறையாது. ஒவ்வொரு முறை செருகும்போதும் தொடுமுனைகள் உரசித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. ஆனால் இது நீர் புகாதது அல்ல. பூட்டுக் கொக்கி போடாவிட்டால் பலமாக இழுத்தால் கழலும். உலர்ந்த கேபினில், அதிகக் கரண்ட் தேவைப்படும் இடத்துக்கு இது உரியது.

நீர் தெறிக்கும் இடத்துக்கு வேறு இனம் வேண்டும். கனரக வாகனங்களுக்காக உருவான டாய்ச் டிடி வரிசை, சிலிக்கோன் வளையங்களால் ஒயரையும் இரு பாதிகளின் கூடும் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது; கொக்கியால் பூட்டிக்கொள்கிறது. டிடி தொடுமுனை ஒன்று 13 ஆம்பியர், அதன் அண்ணனான டிடிபி 25 ஆம்பியர் தாங்கும். பல்ஜின் நிறுவனத்தின் திருகிப் பூட்டும் வட்ட இணைப்புகளும் இதே வகை வேலைக்கு வந்தவை. தினம் பத்து முறை செருகி எடுக்க இவை ஏற்றவை அல்ல. பயணம் தொடங்கும்போது மாட்டி, முடியும்போது கழற்றுகிற டில்லர் பைலட்டுக்கு இவற்றைவிட நம்பகமான துணை கிடையாது.

மோட்டார் சைக்கிள் பேட்டரி சார்ஜர்களோடு வரும் தட்டையான இருமுனை எஸ்ஏஇ இணைப்பு மலிவானது. அதில் ஒரு முனை ரப்பருக்குள் மறைந்தும் மற்றது வெளியே துருத்தியும் இருக்கும். பேட்டரிப் பக்கத்தில் நேர்முனைதான் மறைந்திருக்க வேண்டும். சில சூரியத் தகடுகளில் இது தலைகீழாக வருகிறது. மீட்டரால் சோதிக்காமல் இணைத்தால் துருவம் மாறிச் சாதனம் எரியும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் 110 அல்லது 230 வோல்ட் சாக்கெட்டை 12 வோல்ட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம் பழைய படகுகள் சிலவற்றில் உண்டு. இதை ஒருபோதும் செய்யக் கூடாது. படகில் கரை மின்சாரமும் இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே முகம் இருந்தால் என்றாவது ஒரு நாள் யாராவது மாற்றிச் செருகுவார்கள்.

யுஎஸ்பி: புதிய பொது மொழி

தனிமனிதச் சாதனங்களைப் பொறுத்தவரை விடை ஏறத்தாழ முடிவாகிவிட்டது. 2014இல் வந்த யுஎஸ்பி-சி இன்று போன் முதல் மடிக்கணினி வரை பரவியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அது சட்டப்படி கட்டாயம். பவர் டெலிவரி என்ற ஏற்பாட்டின்படி சாதனமும் சார்ஜரும் பேசி வோல்ட்டேஜை முடிவுசெய்கின்றன. 20 வோல்ட், 5 ஆம்பியரில் 100 வாட் வரை போகும். 2021இல் வந்த திருத்தம் உச்சத்தை 240 வாட் ஆக்கியது. பழைய யுஎஸ்பி-ஏ வாய் 1,500 முறை செருகத் தக்கதாக வகுக்கப்பட்டது. சி வாய்க்கு அந்த அளவு 10,000.

ஆனால் யுஎஸ்பி சாக்கெட் வெறும் துளை கிடையாது. பின்னால் ஒரு மின்மாற்று சுற்றையும் சுமந்திருக்கிறது. அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது பேட்டரியிலிருந்து இழுப்பது. 100 வாட் வெளியே தர, இழப்பையும் சேர்த்து 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ‘யுஎஸ்பிதானே’ என்று மெல்லிய ஒயர் போடுவது தவறு. இரண்டாவது, சும்மா இருக்கும்போது குடிப்பது. நீல விளக்கும் வோல்ட்மீட்டரும் உள்ள சாக்கெட் 20 மில்லிஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர்-மணி, ஆளில்லாமல் நிற்கும் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். தனி சுவிட்ச் கட்டாயம்.

மூன்றாவது உயிர் சார்ந்தது. இத்தகைய மின்மாற்று சுற்றுகள் ரேடியோ இரைச்சலை உமிழக்கூடும். எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகள் விஎச்எஃப் ரேடியோவையும், சுற்றிலும் உள்ள கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் செவிடாக்குகின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரிக்கை வெளியிட்டது. அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸிலும், ஏஐஎஸ் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குகின்றன. மலிவான யுஎஸ்பி சாக்கெட்டும் அதே தீங்கைச் செய்யலாம். சோதிப்பது எளிது. ரேடியோவை அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் விளிம்புக்கு ஸ்குவெல்ச்சைத் திருப்புங்கள். பிறகு சாக்கெட்டில் போனைச் செருகுங்கள். ரேடியோ இரையத் தொடங்கினால் அந்த சாக்கெட் உங்கள் படகுக்கு ஆகாது.

சாக்கெட்டுக்குப் பின்னால்

எவ்வளவு உயர்ந்த சாக்கெட் வாங்கினாலும் பின்னால் வரும் ஒயர் மெலிந்திருந்தால் பயனில்லை. சுவிட்ச் பலகையிலிருந்து சாக்கெட் 6 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் ஒயர் 12 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 1.4 வோல்ட் இழப்பு. 2.5 ஒயரில் 0.8 வோல்ட். 4 ஒயரில் அரை வோல்ட். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால்தான் இழப்பு 3 சதவீதத்துக்குள் வரும். வழிகாட்டும் விளக்குகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் ஏபிஒய்சி வைக்கும் வரம்பு அதே 3 சதவீதம், முக்கியமில்லாதவற்றுக்கு 10. பாதி தீர்ந்த ஈய-அமில பேட்டரி 12.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது அதில் 1.4 வோல்ட் போனால், குளிர்பெட்டி பேட்டரி செத்துவிட்டதென்று எண்ணித் தன்னை நிறுத்திக்கொள்ளும். மடிக்கணினி சார்ஜரோ வோல்ட்டேஜ் குறைந்த அளவுக்குக் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஒயரை மேலும் சூடாக்கும்.

ஒயர் முனையில் சால்டரை மட்டும் நம்பக் கூடாது. இணைப்பைத் தாங்கும் ஒரே பிடியாகச் சால்டர் இருக்கக் கூடாது என்பது ஏபிஒய்சி விதி. சால்டர் ஊறிய இழைகள் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பில் ஒடியும். சரியான கருவியால் நசுக்கிய லக், அதன் மேல் உட்பசை கொண்ட ஹீட் ஷ்ரிங்க் குழாய், இழுவையைத் தாங்க ஒயரைப் பக்கத்திலேயே ஒரு கிளிப்பால் பிடித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இணைப்பு முழுமை.

ஃபியூஸ் காப்பது ஒயரை, சாதனத்தை அல்ல. பேட்டரியிலிருந்து புறப்படும் ஒயருக்கு, சில விதிவிலக்குகள் தவிர, 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறது ஏபிஒய்சி. சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுற்று இருந்தால், ஒன்று பழுதாகும்போது மற்றவை நிற்காது.

பிளக்கை மாற்றும் பலர் தவறுவது இங்கேதான். லைட்டர் பிளக்கின் நுனிக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு. சாதனத்தின் மெல்லிய கேபிளைக் காப்பது அதுதான். பிளக்கை வெட்டி எறிந்து பவர்போல் மாட்டினால் அந்தக் காவலும் போய்விடும். 15 ஆம்பியர் சுற்றில் நூல்போன்ற கேபிள் ஷார்ட் ஆனால், சுற்றின் ஃபியூஸ் விழுவதற்குள் கேபிள் பற்றிக்கொள்ளலாம். ஒயரின் இடையில் உரிய அளவுள்ள ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்த பிறகே புது பிளக் மாட்ட வேண்டும். இன்னொன்று, சில லைட்டர் பிளக்குகளுக்குள் 12 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்று ஒளிந்திருக்கும். அதைத் தெரியாமல் வெட்டி நேராக இணைத்தால் முழு 12 வோல்ட்டும் பாய்ந்து சாதனம் அந்தக் கணமே எரியும். வெட்டும் முன் பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட்டேஜைப் படியுங்கள்.

இடத்துக்கு ஏற்ற முடிவு

கடல்வரைபட மேசையருகே, உலர்ந்த இடத்தில், சுவிட்சோடு கூடிய யுஎஸ்பி-சி இரண்டும் ஐஎஸ்ஓ 4165 ஒன்றும் வையுங்கள். விருந்தினர் கொண்டுவரும் சாதனங்களுக்காகத் திருகிப் பூட்டும் லைட்டர் வகை ஒன்று இருக்கட்டும். அதில் 5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்க விடாதீர்கள். பழைய பாணி ஆலசன் தேடுவிளக்கு 55 வாட், 4.6 ஆம்பியர், அது எல்லைக்குள் வரும். ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்பும் 150 வாட் இன்வெர்ட்டரும் வராது. அவற்றுக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு பவர்போல் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

சுக்கான் பிடிக்கும் திறந்த இடமான காக்பிட்டில் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம். டில்லர் பைலட்டுக்கு, செருகிய நிலையிலும் நீர் புகாத பூட்டு இணைப்பு ஒன்று. தேடுவிளக்குக்கு இன்னொன்று தேவையானால், படியிறங்கும் வாயிலுக்கு உட்புறம், கை எட்டும் மறைவில் வைக்கலாம். பெட்ரோல் கேன் வைக்கும் அறையிலும் சமையல் எரிவாயு சிலிண்டர் அறையிலும் எந்த சாக்கெட்டும் கூடாது. செருகும்போது தெறிக்கும் சிறு பொறி போதும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும் என்பதால் தாழ்வான இடங்களையும் தவிருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு, சாக்கெட்டே இல்லாமல் செய்வது. அடிநீர் இறைக்கும் பம்ப், நிலையான ரேடியோ, குளிர்பெட்டி போல ஓரிடத்திலேயே இருக்கும் எதையும் பிளக்கில் தொங்க விடாதீர்கள். ஃபியூஸோடு நேரடியாகப் பலகையில் இணையுங்கள். ஓர் இணைப்பு குறைந்தால் பழுதாகும் இடம் ஒன்று குறைகிறது.

வாங்கிப் பொருத்தியதும் சோதித்துப் பாருங்கள். 55 வாட் கார் விளக்குகள் இரண்டை இணையாக மாட்டினால் சுமார் 9 ஆம்பியர் சுமை கிடைக்கும். பவர்போலிலும் ஐஎஸ்ஓ சாக்கெட்டிலும் அதை அரை மணி நேரம் எரிய விடுங்கள். பலகையிலும் சாக்கெட்டிலும் வோல்ட்டேஜை அளந்து வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு தவறு. பிறகு பிளக்கை ஆட்டுங்கள். விளக்கு சிமிட்டினால் அந்த சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இதே சோதனையைச் செய்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டால், களிம்பு எங்கே ஏறத் தொடங்கியிருக்கிறது என்பது பழுதுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இதெல்லாம் உல்லாசப் படகோட்டிகளுக்கு மட்டும் உரிய கவலை அல்ல. நம் கரையிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பைபர் படகுகளிலும் இன்று 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது; அதில் ஜிபிஎஸ்ஸும் எல்இடி விளக்கும் விஎச்எஃப் ரேடியோவும் ஓடுகின்றன. அதே உப்பு, அதே அதிர்வு, அதே களிம்பு. பேட்டரி முனையில் கிளிப்பைக் கடிக்க விட்டுப் போகும் பழக்கத்துக்குப் பதிலாக, பேட்டரியருகே ஒரு ஃபியூஸும், பூட்டிக்கொள்ளும் நீர் புகாத இணைப்பு ஒன்றும் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு நாள் டீசலைவிடக் குறைவு. படகு எதுவானாலும், அடுத்த முறை கடலுக்குப் போகும் முன் அதன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால், அதை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.